வேண்டாம் என்றவர்

“பணம் வரலைன்னு சண்டை போட வந்தவங்களைப் பார்த்திருக்கேன். வந்த பணத்தை வேண்டாம்னு சண்டை போடுற ஆளை இப்பத்தாங்க பார்க்கிறேன்!” என்றார் கிளார்க்.

கவுண்டருக்கு எதிரே நின்ற ஆட்டுக்காரர் முகக்கவசத்தை மேலே இழுத்து விட்டுக்கொண்டார். ஊரடங்கில் சந்தைகளை மூடியதால் நஷ்டப்பட்ட கால்நடை வளர்ப்போருக்கு, தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் நிவாரணம் அறிவித்திருந்தது. அவர் பட்டியில் இருந்த நாற்பது ஆடுகளுக்கும் போன வாரமே பணம் வந்துவிட்டது.

“அப்படியே முழுசா எடுத்துட்டு வந்திருக்கேங்க. வாங்கிக்கிட்டு என் பேரை அடிச்சிடுங்க.”

“வாங்கறதுக்குத்தான் ஃபாரம் இருக்கு. திருப்பிக் கொடுக்க ஃபாரமே கிடையாதே!”

“வெள்ளைத்தாள்ல எழுதித் தர்றேங்க.”

“ஆடுங்க நிஜமாவே இருக்குதில்ல? எங்க ஆளு வந்து எண்ணி, காதுல வில்லை மாட்டிட்டுப் போனாரே?”

“இருக்குங்க. கொழுகொழுன்னு இருக்கு” என்றவர், யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தார்.

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து அதிகாரி வந்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு மாட்டை இருபது என்று எழுதிக்கொண்டு வந்தவர்களோடு காலையிலிருந்து மல்லுக்கு நின்றவர் அவர்.

“முதல்ல உட்காருங்கய்யா. ஏன் வேண்டாங்கறீங்க?”

“என்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க சார். அவங்களுக்குக் கொடுங்க.”

“யோவ், ஐயாவுக்கு ஒரு டீ சொல்லுய்யா!” அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்குப் பேப்பர்ல உங்க படத்தைப் போடச் சொல்றேன். நாப்பது ஆட்டுக்கு வந்த பணத்தை...”

ஆட்டுக்காரர் பதறி எழுந்தார். “ஐயையோ, பேப்பரெல்லாம் வேண்டாம் சார்! படமும் வேண்டாம், பேரும் வேண்டாம். நாப்பதுங்கறது வேண்டவே வேண்டாம். சாயங்காலம் வெளியே ஒட்டப்போற பட்டியல்ல நான் இல்லாம இருந்தா, அதுவே போதும்.”

“பார்த்தியா? இதுக்குப் பேர்தான்யா அடக்கம்!” என்று கிளார்க்கின் தோளில் தட்டினார் அதிகாரி.

கிளார்க்குக்கே மனசு இளகிவிட்டது. பணத்துக்கு ரசீது போட்டு, கம்ப்யூட்டரில் அந்த ஒரு வரியை அழித்து, பட்டியலைப் புதிதாக அச்சடித்து நீட்டினார். ஆட்டுக்காரர் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டார். டீயைக்கூடத் தொடவில்லை. அதிகாரி வாசல்வரை வந்து கைகூப்பி வழியனுப்பினார்.

தெருமுனையில் நிறுத்தியிருந்த வேனுக்குள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி.

“பேரை எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்க. ஆடுங்க?”

“எங்கம்மா வீட்டுப் பின்பக்கம் கட்டியாச்சு. சீக்கிரம் வண்டியை எடுங்க, உங்க தம்பியோட ஃப்ளைட் இறங்கிடுச்சாம்” என்றாள் அவள். “நம்மை நம்பி விட்டுட்டுப் போன நாப்பது ஆடும் தீவனமில்லாம செத்துப்போச்சுன்னு நீங்க போன்ல சொன்னதிலிருந்து, பாவம், சரியா சாப்பிடக்கூட இல்லையாம்!”