கேமராவுக்கு வெளியே

"உன் பேர் என்னம்மா?" என்று புது டீச்சர் கேட்டார்.

இரண்டாவது பெஞ்சில் இருந்த சிறுமி எழுந்தாள். வாய் திறக்கவில்லை.

வராந்தா ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த அவள் அப்பா இன்னும் நெருங்கி எட்டிப் பார்த்தார். டெய்லர் அவர். பிள்ளையை விட்டதும் திரும்பிவிட வேண்டும் என்று மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்டால்தானே.

கொரோனாவால் ஒன்றரை வருஷம் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. மகளின் ஒன்றாம் வகுப்பு முழுவதும் தையல் மிஷினில் சாய்த்து வைத்த போனில்தான் நடந்தது. கேமராவில் விழாத இடமாகப் பார்த்து, மகளுக்கு இடப்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். டீச்சர் கேட்பார், இவர் உதட்டை அசைப்பார், அவள் சொல்வாள். 'கெட்டிக்காரி' என்று போன் பாராட்டினால் டெய்லருக்குத் தலைகால் புரியாது.

இப்போதும் அவள் இடப்பக்கம்தான் திரும்பினாள். அங்கே வெறும் சுவர்.

தன் பெயரைச் சொல்லக்கூட ஒரு பிள்ளைக்கு ஆள் வேண்டுமா? கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. நாளைக்கு நாலு பேர் நடுவே இவள் எப்படிப் பிழைப்பாள்?

அலைந்த கண்கள் ஜன்னலுக்கு வந்தன.

கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடுமாமே. உதடு அசைந்துவிட்டது.

அவள் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

டீச்சர் அடுத்த பிள்ளையிடம் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இங்கே வந்து உட்கார யாருக்கெல்லாம் பயமாக இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டார்.

முப்பது தலைகளும் திரும்பின. சில இடப்பக்கம், சில வலப்பக்கம். ஒருத்தி முதுகுக்குப் பின்னால் தேடினாள். ஒரு பையன் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தான்.

அட, வீட்டுக்கு வீடு வாசப்படி! இந்தக் களவாணித்தனம் தன் ஒருவனுடையது என்றல்லவா நினைத்திருந்தார். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மகள் மட்டும் நேராக ஜன்னலைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லச் சொல்லி டெய்லரின் உதடு அவசர அவசரமாக அசைந்தது.

அவள் அதை நன்றாகவே பார்த்தாள். பிறகு, யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றாள்.

"எனக்கில்ல டீச்சர். எங்கப்பாவுக்குத்தான். பாவம், அங்க நிக்கிறாரு."

வகுப்பே ஜன்னல் பக்கம் திரும்பியது. டெய்லர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.