கோட்டுக்கு மேலே

“இன்னும் மேல ஏத்து.”

மகேந்திரன் போட்ட சத்தத்தில் திடலின் அந்தக் கோடியில் நடந்துகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

தர்மா கால்பந்துக் கோல்கம்பத்தின் முன் நின்றிருந்தான். அவனுடைய வலது கையின் இரண்டு விரல்கள் நண்டு ஊர்வதுபோலக் கம்பத்தில் ஏறின. தோள் உயரம் வந்ததும் நின்றுவிட்டன.

அந்த இடத்தில் கறுப்பு மையில் ஒரு கோடு. மூன்று வாரத்துக்கு முன் மகேந்திரன் போட்டது. அதற்கு மேலே இரண்டாவது கோடு போட இன்றுவரை அவனுக்கு வாய்க்கவில்லை.

“சக்கிட்லா மச்சான். வலி தாங்கல.”

“நடிக்காத. ஏத்து.”

தோள் எலும்பு முறிந்து நான்கு மாதம் ஆகிறது. கட்டைப் பிரித்த பிறகு, பிசியோ சொல்லிக்கொடுத்த பெண் தெளிவாகவே சொன்னாள். தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். விரல்களால் சுவரில் ஏற வேண்டும். சும்மா வைத்திருந்தால் தோள் இறுகிப்போய்விடும்.

தர்மா தலையாட்டிவிட்டு வந்தான். செய்ய வைக்க மகேந்திரன் வந்தான்.

மகேந்திரன் தர்மாவின் மனைவி ஷாமினியின் அண்ணன். சுங்கை சிப்புட்டிலிருந்து இருட்டோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஏழு மணிக்கெல்லாம் ஜெலாப்பாங்கில் தர்மாவின் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பான். உள்ளே வரமாட்டான். தங்கை கொடுக்கும் காப்பியையும் வாசலில் நின்றே குடிப்பான். எட்டு மணிக்கு அவனுக்கு ஃபேக்டரியில் வேலை. அதற்குள் நான்கு சுற்று நடை, பிறகு இந்தக் கம்பம். மழை பெய்தால் கடைவரிசை ஓரமாக நடை. ஒரு நாள்கூட விட்டது கிடையாது.

ஒரு காலத்தில் “மாப்ள, மாப்ள” என்று தோளில் கை போட்டுப் பேசியவன். இப்போது தர்மா என்றுகூடக் கூப்பிடுவதில்லை.

தர்மாவுக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். முன்னால் போகும் அந்த முதுகைப் பார்த்து, நான்கு சுற்றும் மனத்துக்குள் வைதுகொண்டே நடப்பான்.

தினமும் அதே திடலில் நடக்க வரும் செல்லாயி அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. இன்றும் மூச்சு வாங்க நின்று, இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

“இந்தக் காலத்துல இப்படி ஒரு மச்சான் யாருக்குத் தம்பி கெடைப்பாங்க? குடுத்து வச்சிருக்கணும்லா.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தர்மா கையை இறக்கினான்.

கோட்டுக்கு மேலே போகும் என்பது அவனுக்குத் தெரியும். பத்து நாளாகவே தெரியும். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டால் அந்தக் கை தலைக்கு மேலே போய்த் தலை துவட்டும், சீப்புப் பிடிக்கும், ஜன்னல் கம்பியின் உச்சியைத் தொடும். கதவைத் திறந்ததும் மறுபடி விலாவோடு ஒட்டிக்கொள்ளும். ஷாமினி வந்து சட்டையை மாட்டிவிடுவாள். அவன் முகத்தைப் பார்க்காமல் பொத்தான் போடுவாள். போடட்டும். முகத்தைப் பார்க்காவிட்டால் என்ன, வீட்டில் இருக்கிறாளே.

“இங்க திரும்பு,” என்றான் மகேந்திரன்.

திரும்பினான்.

முகத்தை நோக்கி ஒரு கை பறந்து வந்தது. மகேந்திரனின் இடது கை.

தர்மா எதையும் யோசிக்கவில்லை. வலது கை தானாகவே மேலே பாய்ந்து, கன்னத்தையும் காதையும் தாண்டி, தலையை மூடிக்கொண்டது.

அடி விழவில்லை.

கண்ணைத் திறந்தான். மகேந்திரனின் கை பாதியிலேயே நின்றிருந்தது. அவன் தர்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. உச்சந்தலைக்கு மேலே நிற்கும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சோறு தின்பதும் கையெழுத்துப் போடுவதும் வலது கையால் செய்கிறவன் எதற்கு இடது கையை ஓங்கினான் என்பது அப்போதுதான் தர்மாவுக்கு உறைத்தது. இடது கையில் அடித்தால், தடுக்க வருவது தர்மாவின் வலது கை.

மெல்ல இறக்கினான். இனி இறக்கி என்ன ஆகப்போகிறது?

தீபாவளிக்கு மறுநாள் ஷாமினி பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். அண்ணன் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவன் வருவதற்குள் தர்மா மழையில் மோட்டாரோடு சறுக்கி விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் அவள் அண்ணனிடம் சொன்னது கட்டிலில் கிடந்தவனுக்கும் கேட்டது.

“கை முடியாத ஆள விட்டுட்டு வர மனசு கேக்கல அண்ணே. அந்தக் கை தலைக்கு மேல போற அன்னிக்கி வாரேன். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட இருக்கமாட்டேன்.”

மகேந்திரன் கைப்பேசியை எடுத்து அழுத்தினான்.

“தூக்கிட்டான் ஷாமினி. கெளம்பு, போலாம்.”

அந்தப் பக்கம் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. மகேந்திரன் இன்னொரு முறை சொன்னான். பிறகு, இத்தனை மாதத்தில் தர்மா அவனிடம் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில் சொன்னான்.

“அந்தக் காதுல இல்லம்மா. சோத்தாங்கைப் பக்கம் மாத்தி வச்சுக் கேளு.”

அவளுடைய இடது காது தீபாவளி அன்றே போய்விட்டது. அன்று தர்மாவின் வலது கையில் ஒரு குறையும் இருக்கவில்லை.