தாரை வார்த்த சம்மதம்

பெண்ணின் சம்மதம் இல்லாத கல்யாணம் செல்லாது என்று சட்டம் வந்தது. வாயால் கேட்டால் பெண்கள் பொய் சொல்லிவிடுவார்களாம். அதனால் மணிக்கட்டில் ஒரு மூலக்கூறுப் பட்டையை ஒட்டினார்கள். மனம் ஒப்பினால் அதில் மின்சாரம் ஓடிப் பச்சை விளக்கு எரியும். ஒப்பாவிட்டால் சிவப்பு.

பூரணிக்கு நிச்சயதார்த்தத்தில் சிவப்பு, மணவறையிலும் சிவப்பு.

"நான்தான் அப்பவே வேண்டாம்னு சொன்னேனேப்பா," என்றாள். ஒரு கருவியாவது தன் பேச்சைக் கேட்கிறதே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"தாரை வார்த்துட்டுப் பாப்போம்," என்றார் அப்பா. மகளின் கையை மாப்பிள்ளையின் கைமேல் வைத்தார். அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். பட்டைக்குள் ஈரம் இறங்கியதும் விளக்கு பச்சையானது.

"பாத்தியளா! சாஸ்திரம்னா சும்மாவா?" என்றார் அப்பா.

கெட்டிமேளம் முழங்கியது. அதற்கு மேலே பூரணி கத்தினாள்: "தண்ணி பட்டா அப்படித்தான்! பாத்திரம் கழுவும்போதுகூடப் பச்சைதான் எரிஞ்சுது! தொடைச்சிட்டுப் பாருங்க!"

"வீட்டு வேலைன்னா அவ்வளவு பிரியமா!" என்று மாமியார் பூரித்துப்போனாள்.

பதிவு அதிகாரி கனிவோடு முத்திரை குத்தினார். "வாய் என்ன வேணும்னாலும் சொல்லும்மா. சட்டம் மனசைத்தான் பார்க்கும்."

பூரணி குனிந்து அழுதாள். கண்ணீர் மணிக்கட்டில் சொட்டச் சொட்டப் பச்சை இன்னும் பளிச்சென்று எரிந்தது. எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்து, அட்சதையை அள்ளிப் போட்டார்கள்.