மரத்துக்கு அந்தப் பக்கம்

ஐந்தாவது நண்டு அடிமரத்தைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தது.

இடுப்பளவு தண்ணீரில் நின்றவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரமாக இந்த அலையாத்தி மரத்தில் மூன்றுக்கு மேல் அவள் பார்த்ததில்லை.

ஆறு. ஏழு.

கடல் ஏற ஏற மர நண்டுகளும் மேலே ஏறும். அது பிரச்சினை இல்லை. ஆளைக் கண்டால் மரத்தின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும், அதுதான் பிரச்சினை. நாம் சுற்றினால் அதுவும் சுற்றும். நாள் முழுக்கச் சுற்றினாலும் எண்ணி முடியாது.

அதனால்தான் இந்த வேலைக்கு இரண்டு பேர். அவள் எண்ணுவாள். புருஷன் அந்தப் பக்கமிருந்து மெல்ல நெருங்கி நண்டுகளை அவள் பக்கம் விரட்டிவிடுவான். நான்கு வருஷம் அப்படித்தான் ஓடியது.

"சும்மா நிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீங்கதான். ஒரு கம்புல சட்டைய மாட்டி வச்சாலே போதும்."

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் இப்படி வாயை விட்டாள். அவன் பாதித் தட்டில் எழுந்தான். விடிந்ததும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான்.

வீம்புக்கு அவளும் அவனுடைய நீலச் சட்டையைக் கம்பில் மாட்டி, மரத்துக்குப் பின்னால் சேற்றில் நட்டு வைத்தாள். முதல் நாள் இரண்டு மூன்று நண்டுகள் மிரண்டன. மூன்றாம் நாள் ஒன்று காலரில் ஏறி உட்கார்ந்திருந்தது.

எட்டு. ஒன்பது, பத்து. அடேயப்பா, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வருகின்றன. பதின்மூன்று!

இந்த மரத்தில் இருபது தேறாவிட்டால் இந்தத் துண்டுக் காடு காப்புப் பட்டியலில் இருக்காது என்று வன அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பட்டியலில் இல்லாத காட்டுக்கு ரம்பம் வரும். இன்றோடு கெடு முடிகிறது.

இருபது என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யார் வந்து இந்தச் சேற்றில் இறங்கிப் பார்க்கப் போகிறார்கள்? கை வரவில்லை.

பதினான்கு. பதினைந்து. கத்த வேண்டும்போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பதினாறாவது நண்டு அவள் மூக்குக்கு நேராக வந்து நின்றபோதுதான் உறைத்தது. காலரில் ஏறி உட்காரும் அளவுக்குச் சட்டையை மதிக்காத நண்டுகள் இன்று எதற்காக ஓடி வருகின்றன?

நட்ட கம்பு நடக்காது.

மரத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சலசலத்தது. தொண்டையைச் செருமும் சத்தம்.

"என் சட்டைய எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

அவள் எட்டிப் பார்க்கவில்லை. நண்டுகளிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

"மெதுவா எடுங்க. இன்னும் நாலு வரணும்."