காணாமல் போன பதினோரு ஃபைல்

“பதினோரு ஃபைல் எங்கம்மா போச்சு?”

மேனேஜர் செல்வமணி மேஜையைத் தட்டினார். எதிரே நின்றிருந்த பஞ்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

தேனியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூம் இருபது வருஷமாக அவள் பொறுப்பு. “மார்க்கையன்கோட்டை, மஞ்சக்காமாலை, போன ஆடி” என்றால் போதும், ஃபைல் கைக்கு வந்துவிடும்.

அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் மதுரையிலிருந்து கன்சல்டன்ட் ராஜமணி வந்திருந்தார். அது 2006-ஆம் வருஷம்.

“நீங்க சொல்லுங்க சார்” என்றார் மேனேஜர்.

ராஜமணி எழுந்து போய்ப் பலகையில் பதினோரு எண்களையும் வரிசையாக எழுதினார்.

“ரேக்குல இந்த நம்பரெல்லாம் விட்டுப் போகுது. யாரோட ஃபைல்னும் தெரியல. ஒண்ணு ரெண்டுன்னா கரையான்னு விடலாம்.”

“டீக்கடையில வடை மடிக்கக் குடுத்திருப்பாக சார்!” ரிசப்ஷன் ஜெபஷீலா சிரித்தாள்.

பஞ்சம்மாள் ராஜமணியை மட்டும் பார்த்தாள்.

“வாத்தியாரய்யா, அத மட்டும் கேக்காதீக.”

ராஜமணிக்கு முகம் சுண்டியது. வந்த நாளிலிருந்து அவள் இப்படித்தான் கூப்பிட்டாள். தான் வாத்தியாராக இருந்ததை அவர் இங்கே யாரிடமும் மூச்சு விட்டதில்லை. பலகையில் எழுதி விளக்கும் தோரணையைப் பார்த்துக் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அறிக்கையில் ‘பொறுப்பின்மை’ என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டார். அந்தப் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

மத்தியானத்துக்குள் பஞ்சம்மாளுக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் சாவி வாங்கப் போனார் ராஜமணி. அவள் தூக்குவாளியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். சாவியோடு ஒரு துணி மூட்டையையும் நீட்டினாள்.

“அந்தப் பதினொண்ணும் இதுல இருக்கு.”

“இத மேனேஜர்கிட்டச் சொல்றதுக்கென்ன? வேலையாவது மிஞ்சியிருக்குமே!”

“ஜெபஷீலாவும் அங்கனதான நின்னுச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா, பேரத் தட்டுன ஒடனே எல்லாருக்கும் தெரியுமாம்ல? இவுக எல்லாம் ஒரு நேரம் சாகத் துணிஞ்சு, பொழச்சு எந்திரிச்சுப் போனவுக. இப்ப வேலவெட்டி, பிள்ளகுட்டின்னு இருக்காக. நாலு பேரு முன்னால சொல்ற சேதியா இது?”

ராஜமணி மூட்டையை வாங்கிக்கொண்டார்.

“உங்க மிஷின்ல பூட்டு இருந்தா, பூட்டு போட்டு ஏத்துங்க. இல்லாட்டி இது இப்படியே கெடக்கட்டும். வர்றேன் வாத்தியாரய்யா.”

அவள் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்ந்தது. ராஜமணி முடிச்சை அவிழ்த்தார்.

மேலாக இருந்த அட்டையில் பஞ்சம்மாளின் குண்டுக் கையெழுத்து: ‘ராஜமணி, வயது 31, ஆசிரியர், உத்தமபாளையம். 1998.’

இங்கே வந்த முதல் நாளே அவர் திருட்டுத்தனமாகத் தேடிப் பார்த்து, தொலைந்தே போய்விட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்ட ஃபைல்.