ஐந்நூறு தடவை

"ஏட்டம்மா, 'மாட்டேன் மாட்டேன்'னு எழுதி எழுதி, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னே மறந்துபோச்சு."

சொன்னவன் சுருட்டைமுடிக்காரன். ஸ்டேஷன் பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் முதல் ஆள். கூட மூன்று பையன்கள், கடைசியில் ஒரு பெண். எல்லாரும் கல்லூரியில் முதல் வருஷம்.

"வாயை மூடிட்டு எழுதுப்பா" என்றாள் ஏட்டம்மா. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. "போன மாசம் ஒருத்தன் வந்தான். பின்னாலயே போய் மூணு தடவை கூப்பிட்டேன், திரும்பணுமே! அந்தத் திமிருக்கு நீங்க எவ்வளவோ தேவலை."

இவர்கள் செய்த குற்றம், காலையில் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து சத்தம் போட்டுப் பாடியது.

இன்ஸ்பெக்டர் ஐயா கொடுத்த தண்டனை, 'இனிமேல் பாலத்தில் உட்கார்ந்து பாட மாட்டேன்' என்று ஐந்நூறு தடவை. எழுதி முடித்தால் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் வழக்கு. வழக்கு என்று ஒன்று விழுந்துவிட்டால் நாளைக்கு எந்த வேலைக்குப் போய் நிற்பது?

"என் ஸ்டேஷன்ல பசங்க மேல யாரும் கை வைக்கிறதில்ல. பேனா போதும்." ஐயா இதைச் சொல்லாத இடமில்லை. பேப்பரில்கூடப் போட்டிருந்தார்கள்.

ஏட்டம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதி. முந்தைய ஸ்டேஷனில் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக வேலை பார்த்தவள் அவள்.

இங்கே அவள் வேலை எண்ணுவது. பத்து வரிக்கு ஒரு சிவப்பு டிக். ஐம்பது டிக் விழுந்தால் கணக்குச் சரி.

படிக்க என்ன இருக்கிறது? எல்லாம் ஒரே வரிதானே. செங்கல் அடுக்கியது மாதிரி இருக்கும். கண் ஓரமாக இறங்கிக்கொண்டே போகும், கை டிக் போட்டுக்கொண்டே வரும். எண்ணி முடித்ததைச் சணல் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவாள். இரண்டு வருஷத்துக் கட்டுகள் அங்கே இருந்தன.

இரண்டு மணிக்குத்தான் அவள் வேலைக்கு வந்திருந்தாள். மூன்றரைக்குத் தூறல் பிடித்தது.

பிள்ளைகளின் செருப்புகள் வாசலில் நனைந்துகொண்டிருந்தன. போய் ஒவ்வொரு ஜோடியாக உள்ளே எடுத்துப் போட்டாள். எண்ணிப் பழகிய மனசு, தானாக எண்ணியது.

ஆறு ஜோடி.

"இந்த நீலச் செருப்பு யாரோடது?"

ஐந்து பேனாவும் நின்றன. ஐந்து பேர் கண்ணும் ஐயாவின் அறைக் கதவுக்குப் போய்த் திரும்பின.

அந்தப் பெண் மட்டும் எழுதிய தாள்களைப் புரட்டி, இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரலை வைத்தாள்.

மற்ற வரிகளைப் போலவே அதே எழுத்து, அதே நீளம்.

'இன்னொருவன் பின் அறையில். அவனுக்கு இழுப்பு. மருந்து என் பையில்.'

விரல் ஐந்தாம் பக்கத்துக்குப் போனது. அங்கேயும் அதே வரி. ஒன்பதாம் பக்கத்தில் எழுத்து நடுங்கியிருந்தது.

பைகள் எல்லாம் பீரோவில். சாவி ஏட்டம்மாவின் இடுப்பில்.

இன்ஹேலரை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு நடந்தபோது, ஐயா கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். ஏதோ பள்ளிக்கூட விழாவில் பேசப் போகிறாராம்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"செருப்பு ஒரு ஜோடி கூடுதலா இருக்குங்கய்யா."

"ஓ, அவனா? எந்தச் சட்டத்துல இருக்குன்னு என்கிட்டயே கேக்குறான். உள்ள உக்காந்து யோசிக்கட்டும். மூச்சு வாங்குறதெல்லாம் நடிப்பு, நீங்க ஒண்ணும்..."

ஐயா பேசி முடிப்பதற்குள் அவள் நகர்ந்தது, இருபத்திரண்டு வருஷ வேலையில் அதுதான் முதல் தடவை.

பின் அறைத் தரையில் அந்தப் பையன் முட்டி மடங்கிக் குந்தியிருந்தான். உதடு வெளிறிக் கிடந்தது. மருந்தைப் பிடிக்க விரலில் வலுவில்லை. அவளே வாயில் வைத்து அழுத்தினாள்.

"இழு கண்ணு. இன்னொரு தடவை. இழு."

நாலாவது தடவைதான் நெஞ்சு முழுசாக ஏறி இறங்கியது.

அவனைத் தாங்கி வெளியே கொண்டுவந்தாள். "ஆறு பேருக்கும் கணக்குச் சரிங்கய்யா" என்றாள்.

"இவன் ஒரு வரிகூட எழுதலியே?"

"நான் எண்ணிட்டேங்கய்யா."

ஐயா அவளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப் ஏறிப் போய்விட்டார்.

"நேரா ஆஸ்பத்திரி. அப்புறம்தான் வீடு" என்று அவர்களை அனுப்பிவைத்தாள். நீலச் செருப்பை அவளே குனிந்து அவன் காலில் மாட்டிவிட்டாள். எல்லாருக்கும் பின்னால் போன பெண் படியில் நின்றாள்.

"நீங்க படிப்பீங்களான்னு தெரியல மேடம்."

ஏட்டம்மா நனைந்த வாசலைப் பார்த்தாள். தூறல் விழாமல் இருந்திருந்தால்?

ஸ்டேஷன் அமைதியாகிவிட்டது. அவள் கண் அலமாரிக்குப் போனது. இரண்டு வருஷம். எத்தனை ஆயிரம் டிக்.

மேலே இருந்த போன மாசத்துக் கட்டை எடுத்துச் சணலை அவிழ்த்தாள். கூப்பிட்டால் திரும்பாதவனின் தாள்கள்தான் மேலாக இருந்தன.

முதல் தடவையாக, எண்ணாமல் படித்தாள். இனிமேல் பூங்காவில் சைக்கிள் ஓட்ட மாட்டேன். இனிமேல் பூங்காவில் சைக்கிள் ஓட்ட மாட்டேன்.

முப்பதாவது வரியில் விரல் நின்றது.

'ஐயா அறைந்ததில் காது கேட்கவில்லை ஏட்டம்மா.'

பக்கத்தில், அவள் கையால் போட்ட சிவப்பு டிக்.