கோடு படுத்த மூன்று நாள்

புது வெப்சைட்டைத் திறந்துவைக்க எங்கள் எல்லாரையும் மாடிக்கு வரச் சொன்னார்கள். நான்கு வருஷத்தில் இது மூன்றாவது.

தண்ணீர் மோட்டாருக்கு வாஷரும் பேரிங்கும் விற்கிற கம்பெனி எங்களுடையது. வாங்குகிறவர்கள் கையெல்லாம் கிரீஸோடு நிற்கும் மெக்கானிக்குகள். அவர்களுக்காகத்தான் திரையில் ஒரு வாஷர் பளபளவென்று சுழன்றுகொண்டிருந்தது.

முதலாளியின் மாப்பிள்ளை வருஷத்துக்கு ஒரு கருத்தரங்குக்குப் போவார். திரும்பும்போது எந்தத் தொழில்நுட்பம் செத்துப்போனது என்ற பட்டியலோடு வருவார். நாங்கள் போன வருஷம் வாங்கியது தவறாமல் அதில் இருக்கும்.

மாப்பிள்ளை பேசப் பேச முதலாளி தலையாட்டினார். புரியாத இடங்களில் கொஞ்சம் வேகமாக ஆட்டுவார்.

பிறகு மாப்பிள்ளை ஒரு வரைபடம் காட்டினார். தினமும் காலை பத்துக்கு ஆர்டர் கோடு எழும். மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை விழும். அது வாடிக்கையாளரின் மனநிலையாம்.

ஆறு மாதத்துக்கு முன்பு மட்டும் மூன்று நாள் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. பழைய வெப்சைட் காலாவதி ஆனதுதான் காரணம் என்றார். அந்த மூன்று நாளைக் காட்டித்தான் புதியதற்குச் சம்மதமே வாங்கியிருந்தார்.

அடுத்த படம். போனில் வந்த ஆர்டர்: பூஜ்யம்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினாறு வருஷமாகக் கீழே போன் எடுப்பவள் நான்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எல்லா ஆர்டரும் வெப்சைட்லயே வந்துடுது. இன்னியோட போன் வேலை முடிஞ்சுது" என்றார் மாப்பிள்ளை. கையில் ஒரு துண்டு கேக்கையும் கொடுத்தார்.

கேக்கை வாங்கிக்கொண்டேன்.

ஆர்டரைக் காகிதத்தில் எழுதக் கூடாது, வெப்சைட்டில்தான் ஏற்ற வேண்டும் என்று சட்டம் போட்டவரே இவர்தான். போட்டதோடு மறந்தும் போனார். மெக்கானிக் போனில் சொல்லச் சொல்ல, அவன் பெயரிலேயே வெப்சைட்டுக்குள் நுழைந்து ஆர்டரைத் தட்டுகிறவள் நான். முந்தைய இரண்டு வெப்சைட்டிலும் வாங்குகிற பொத்தான் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரிந்த ஒரே ஆளும் நான்தான். ஒருமுறை இதை அவரிடம் சொல்லப் போனேன். மீட்டிங்கில் இருப்பதாகக் கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

மணி பத்து. புது வெப்சைட் திறந்தது. கைதட்டினார்கள். ஓரத்தில் ஆர்டர் எண்ணிக்கை பூஜ்யத்தில் நின்றது.

பத்தே கால். மாப்பிள்ளை பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். பூஜ்யம் அசையவில்லை.

கீழே போன் அடித்தது. ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. நான் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முதலாளி தலையாட்டுவதை நிறுத்தினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த மூணு நாள் என்னதான் ஆச்சு?"

"எனக்குக் காய்ச்சல் சார்" என்றேன்.